அல்லிராணிக் கோட்டையின் பழைய படங்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார் மாவட்டத்தின் அரிப்புக் கடற்கரையில் நிற்கும் அல்லிராணிக் கோட்டையின் பழைய புகைப்படங்கள் உங்கள் வாசகர்கள் சிலரிடமாவது இருக்கும். கல்யாண அல்பத்தில், பாடசாலைச் சுற்றுலாப் படங்களுக்குள், அப்பா மன்னாரில் வேலை பார்த்த காலத்துத் தகரப் பெட்டிக்குள், எங்கேயாவது கிடக்கும். அவற்றைத் தேடி எடுக்கும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் பயணம் பற்றிய பகுதியைக் குறையுங்கள். படங்கள் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் வெள்ளவத்தையில் வசிப்பவள். கட்டடப் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கொழும்பில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த தோழிகள் நாலு பேர், மார்கழி பிறந்தால் ஒரு வார இறுதியில் வீடு வாசலை விட்டுவிட்டு எங்கேயாவது கிளம்பிவிடுவோம். பெரும்பாலும் தெற்குப் பக்கம்தான். அந்த மாதங்களில் காலி, மிரிசைக் கடல் அடங்கிக் கிடக்கும், அதிவேகப் பாதையும் இருக்கிறது, போய் வருவது சுகம். இந்த முறை மன்னாருக்குத்தான் போகவேண்டும் என்று எங்களில் ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் பிறந்தது மன்னாருக்குத் தெற்கே, அரிப்பை அடுத்த முசலிப் பக்கம். விடுதியில் தங்கி எங்களோடு படித்தவள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவளுடைய வாப்பா, உம்மா, தம்பி தங்கைகள் எல்லாரும் கையில் அகப்பட்டதோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுவந்தவற்றில் குடும்பத்துப் புகைப்படங்களும் அடக்கம். இது ஏன் இங்கே வருகிறது என்று பிறகு தெரியும்.

சனிக்கிழமை விடியற்காலை வெள்ளவத்தையை விட்டோம். எங்களில் நன்றாக வாகனம் ஓட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். ஆரையும் பக்கத்தில் இருந்து வழி சொல்ல விடமாட்டாள். நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளத்தில் இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. தோழியின் தங்கை வீட்டில் இடியப்பமும் மீன் ஆணமும். அவளுடைய சாச்சாவும் வந்து கதைத்துக்கொண்டிருந்தார். "கோட்டைக்குப் போறீங்களா? போங்க, போங்க. இருக்கிற மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார். அந்த நேரம் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

புத்தளத்திலிருந்து முசலிக்கு நேரே போகும் பழைய பாதை ஒன்று இருக்கிறது. அது வில்பத்துக் காட்டுக்குள்ளால் போகிறது. எலுவங்குளத்தில் கலா ஓயாவைக் கடக்க வேண்டும், மாரி மழைக்கு ஆறு பாதைக்கு மேலால் பாயும். அந்தப் பாதையைத் திறப்பதா மூடுவதா என்று வழக்கும் வாதமும் நடந்தது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். யானைக்கும் கரடிக்கும் அந்தக் காடு வேண்டும். முசலி மக்களுக்குப் புத்தளம் போய்வர ஒரு கிட்டப் பாதையும் வேண்டும். இரண்டு பக்கத்து நியாயமும் எனக்கு விளங்குகிறது. சரி, நாங்கள் நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றித்தான் போனோம்.

மதவாச்சிக்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டது. வழியில் கண்ட குளமெல்லாம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. வாகனம் ஓட்டியவள் சரித்திரம் படிப்பித்தவள். ஆற்றைக் கண்டால் அவளுக்குக் கதை வரும். அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று ஓடும் ஆறுதான் மன்னாரில் அருவி ஆறாகி அரிப்புக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. 1660இல் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1679இல் ஒரு கூட்டாளியோடு இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுவழியே நடந்துதான் தப்பினார். அவர் போய் ஏறிய இடம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டை. அந்தச் சின்னக் கோட்டை வேறு, நான் எழுத வந்த அல்லிராணிக் கோட்டை வேறு. இரண்டும் அரிப்பில் இருப்பதால் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மன்னார்த் தீவில் அன்று பார்த்ததையெல்லாம் விட்டுவிடுகிறேன். கழுதைகளையும் பெருக்கமரத்தையும் தலைமன்னார் இறங்குதுறையையும் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். வாடைக்காற்று மட்டும் சொல்லாமல் விட முடியாது. கொழும்பில் மார்கழி என்றால் விடியப்புறத்தில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்பதோடு சரி. அங்கே இரவு முழுக்கப் பனையோலை இரைய, சால்வையைப் போர்த்துக்கொண்டு, அவித்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றபடி நடுச்சாமம் வரை கதைத்தோம். நெடுநாளைக்குப் பிறகு அப்படி ஒரு இரவு.

ஞாயிறு விடிய மழை விட்டிருந்தது. தள்ளாடிச் சந்தியால் திரும்பி வங்காலைப் பக்கம் போனால் பாதையின் இரு பக்கமும் நீர். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பூநாரைக் கூட்டம் ஒன்று தூரத்தில் நின்றது. நிறுத்திப் பார்த்துவிட்டு, அருவி ஆற்றுப் பாலத்தைக் கடந்து அரிப்புக்குப் போனோம்.

அந்தக் கரை தெற்கில் நாங்கள் கண்டு பழகிய கரை மாதிரி இல்லை. மிரிசையில் கருங்கல் பாறை கடலோடு முட்டிக்கொண்டு நிற்கும். அரிப்பிலிருந்து சிலாவத்துறைப் பக்கமாக இருப்பது மண்மேடு. செம்மண்ணும் மணலும் கலந்த மேடு கடல் பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கிறது. மழைநீர் ஓடிய இடமெல்லாம் வெடிப்பு, பள்ளம். கீழே மணலில், மேலிருந்து விழுந்த மண்கட்டிகள் குவிந்து கிடக்கின்றன. அழகு இல்லை என்று சொல்லமாட்டேன், மிக அழகு. ஆனால் ஒரு கட்டடத்தை நம்பி வைக்கக்கூடிய நிலம் அது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அந்த மேட்டின் விளிம்பில்தான் கோட்டை நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதே கூடுதல். கூரை இல்லை, மாடி இல்லை. செங்கல் சுவர்களும், தூண்களின் மிச்சமும், வளைவுகளும், உதிர்ந்த சாந்துக்குள்ளால் தெரியும் செங்கல் வரிகளும். ஒரு பக்கம் முற்றாகவே போய்விட்டது. கீழே அலைவாயில் பெரிய செங்கல் துண்டங்கள் சாந்தோடு ஒட்டியபடியே உருண்டு கிடக்கின்றன. என் வேலைக் காலத்தில் இடிந்த கட்டடங்கள் பல பார்த்திருக்கிறேன். அஸ்திவாரம் வெளியே தெரிந்து, அதன் கீழே வெறும் காற்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதே நேரம் கொழும்பு இலக்கத் தகட்டோடு ஒரு பஸ் வந்து நின்றது. பையன்கள் இறங்கிய வேகத்தில் சுவருக்கு மேல் ஏறிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். இருவர் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் நின்ற பக்கத்தில் விளிம்பைக் காட்டும் ஒரு கயிறுகூட இல்லை. மேலே நிற்பவனுக்குத் தன் காலுக்குக் கீழே மண் குடைந்திருப்பது தெரியாது. தூரத்தில் கடற்கரையில் நின்று பக்கவாட்டாகப் பார்த்தால்தான் மேல்மண் ஒரு தட்டுப்போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். நான் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தைக் காட்டினேன். பார்த்தவுடன் மற்றவர்களையும் கூப்பிட்டு இறக்கினார்கள். "சொறி அன்ரி, தெரியாம ஏறிட்டம்" என்றான் ஒருவன். நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். விடுமுறையில் அங்கே போகும் வாசகர்கள் தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள்: சுவரில் ஏறாதீர்கள், விளிம்புக்குப் போகாதீர்கள், கீழே மேட்டடியில் நிழலுக்கும் ஒதுங்காதீர்கள். மழைக்கு அடுத்த நாள் இன்னும் மோசம்.

வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த வயதான ஒருவர் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணை, இவ்வளவு சின்ன அலை எப்படி இதை விழுத்துது?"

"இப்ப வாடை, தங்கச்சி. வாடைக்கு இந்தப் பக்கம் கடல் படுத்துக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு வந்து பாருங்கோ. சோளகம் தொடங்கினா கடல் வந்து அடியிலதான் அடிக்கும். மாரிக்கு மழை மேல இருந்து ஊற வைக்கும், சோளகத்துக்குக் கடல் கீழ இருந்து இழுக்கும். ரெண்டு பக்கத்தாலயும் அதுக்குச் சாவு."

சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று. ஒரு பொறியியலாளர் பத்துப் பக்கத்தில் எழுதக்கூடியதை அவர் நாலு வசனத்தில் சொல்லிவிட்டார். கொழும்பிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில்தான் போகிறோம், கடல் அமைதியாக இருக்கும்போது. ஆகவே கோட்டை இப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். அது விழுவது நாங்கள் இல்லாத மாதங்களில்.

இனி அந்தக் கட்டடம் என்ன என்று சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களிலேயே பலர் அது ஒரு அரசியின் அரண்மனை என்று நினைத்திருக்கிறார்கள். அல்லிராணி என்பவள் இந்தக் கரையை ஆண்டாள் என்பது ஊரில் வழங்கும் கதை. அவளுடைய அரண்மனை தெற்கே வில்பத்துக்குள் இருக்கும் குதிரைமலையில் இருந்தது என்றும் சொல்வார்கள். அரிப்பில் நிற்பது வெள்ளைக்காரர் கட்டிய மாளிகை. 1798 முதல் 1805 வரை இலங்கையில் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடெரிக் நோர்த், முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, பார்வையிட வந்தால் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. பழைய கிரேக்கக் கட்டடங்களின் டொறிக் பாணித் தூண்கள் வைத்ததால் ஆங்கிலத்தில் அதற்கு டொறிக் மாளிகை என்றே பெயர். இரண்டு மாடி, மேலே தட்டையான மொட்டைமாடி. அங்கிருந்து சலாபத் தோணிகள் போய் வருவதைப் பார்த்திருப்பார்கள். சுவரின் சாந்துக்கு முத்துச்சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பைப் போட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தக் கரையில் சிப்பிக்குக் குறைவிருந்திருக்காது என்பதால் நம்பக்கூடிய பேச்சுத்தான்.

ஆளுநர் தங்கிய வீடு என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த மொட்டைமாடியிலிருந்து பார்க்கப்பட்டவர்களை நினைத்து எழுதுகிறேன். சலாபக் காலத்தில் இரவு பத்து மணியளவில் அரிப்பில் பீரங்கி வெடிக்கும். அந்தச் சத்தத்தோடு தோணிகள் கரைக்காற்றில் பாய் விரித்து, கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்குப் போகும். சூரியன் எழும்பக் குளிப்புத் தொடங்கும். ஒரு தோணியில் பத்து முக்குளிப்பவர்கள். ஐந்து பேர் இறங்க மற்ற ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சு நிற்கும் ஒரு நிமிடம் சொச்சத்துக்குள் கூடையை நிரப்பிக்கொண்டு கயிற்றை இழுத்துக் காட்டுவார்கள். நடுப்பகலில் கடற்காற்று எழும்ப எல்லாத் தோணியும் கரைக்குத் திரும்பும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி என்பவரை அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவர் கரையில் நின்றால்தான் ஆட்கள் இறங்குவார்கள். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துப் பரதவரும் முஸ்லிம்களும், இந்தக் கரையின் ஆட்களும், அரபு நாட்டவரும் அதில் இருந்தார்கள். சலாபத்துக்கென்று ஓலைக்கொட்டிலில் ஒரு பட்டினமே முளைத்து, முடிந்தவுடன் இல்லாமல் போய்விடும். ஓலைக்கொட்டில் எதுவும் மிஞ்சாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு சலாபமும் ஓய்ந்துவிட்டது. அந்த மனிதர்கள் உழைத்த கரை இதுதான் என்று காட்ட அங்கே தலைநிமிர்ந்து நிற்பது இந்தச் சுவர்கள்தான். எங்கள் பாட்டன் பூட்டன்மாரின் மூச்சில் வந்த காசில் எழும்பிய கட்டடம் என்று நான் அதைப் பார்க்கிறேன்.

திரும்பும் வழியில் முசலிப் பக்கம் தோழியின் பழைய வளவுக்கும் போனோம். வீட்டின் அத்திவாரக் கல் சில, கிணறு, ஒரு புளியமரம். அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள், தண்ணீர் இருந்தது. அதற்குமேல் அதை எழுத அவள் விரும்பமாட்டாள்.

இரவு புத்தளத்தில் மறுபடி இறங்கினோம். சாச்சா எங்களுக்காகக் காத்திருந்தார். மடித்து வைத்த பிளாஸ்ரிக் உறைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். 1970களில் எடுத்தது. 1990இல் அவர் வியாபாரத்துக்காகக் கற்பிட்டியில் இருந்ததால் அவருடைய பெட்டியோடு தப்பிய படம். கோட்டைச் சுவருக்கு முன்னால் ஒரு ஒஸ்ரின் ஏ-40 கார், அதில் சாய்ந்துகொண்டு இளைஞர்கள், காருக்கு அந்தப் பக்கம் வெறும் தரை, அதற்கப்பால் கடல். "அந்தக் கார் நிண்ட இடம் இப்ப இல்ல" என்றார்.

என் கண் உடனே காரில் போய் நின்றது, காரணம் தொழில். அந்தக் காரின் நீளம் சுமார் 4 மீற்றர். படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால், அதே தூரத்தில் உள்ள மற்றவற்றையும் கணக்கிடலாம். சுவருக்கும் விளிம்புக்கும் இடையில் குறைந்தது இன்னும் மூன்று கார் நிறுத்தலாம் போலத் தெரிந்தது. நாங்கள் அன்று காலையில் நின்று பார்த்தபோது அதே சுவரடியில்தான் விளிம்பு. ஒரேயொரு குடும்பப் படத்தில் இவ்வளவு இருக்கிறது. வெவ்வேறு வருடத்தில் எடுத்த படங்கள் கொஞ்சம் சேர்ந்தால், எந்தக் காலத்தில் கரை எவ்வளவு போனது, சுவர் எது எப்போது விழுந்தது, மாடியின் எந்தப் பகுதி எதுவரை இருந்தது என்று வரைந்துவிடலாம். நான் வரைவேன். கையும் கண்ணும் இன்னும் சரியாகத்தான் இருக்கின்றன.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. இந்த மாளிகை அதற்கு முந்தியது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம், கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயம் என்கிறது. கோட்டை அதற்குள்தான் நிற்கிறது. ஆகவே இரண்டு சட்டத்தின் கையும் இந்த இடத்துக்கு எட்டும். பொறுப்பிலுள்ளவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விடயம் இல்லை. விளிம்பிலிருந்து தள்ளி ஒரு வேலி. மும்மொழியிலும் ஒரு பலகை: நோர்த் கட்டியதையும் சொல்லட்டும், ஊரின் அல்லிராணிக் கதையையும் சொல்லட்டும், முக்குளித்தவர்களைக் கட்டாயம் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் முதல், மிச்சம் நிற்பதை முறையாக அளந்து ஒரு முழுப் படத்தொகுதி. ஒவ்வொரு சுவருக்கும் முகப்பு வரைபடம், தரைப்படம், தூணின் வெட்டுமுகம். சுவரில் ஏறாமல் தூர நின்று அளக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. சோளகத்துக்கு முன்னர் செய்தால் நல்லது.

கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டிக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கல் அணையைப் பார்த்துக்கொண்டே வாழ்பவள் நான். கல் போட்ட இடம் தப்பும். மணல் வரத்து மறிபட்டுப் பக்கத்துக் கரை அடிபடும். அரிப்பில் அந்தப் பக்கத்துக் கரையில்தான் படகுகளை இழுத்து ஏற்றுகிறார்கள். மீனவரின் கரையைக் கொடுத்து ஆளுநரின் சுவரை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. துறை தெரிந்தவர்கள் ஆராய்ந்து வேறு வழி சொன்னால் மிகவும் சந்தோஷப்படுவேன். அந்த ஆராய்ச்சிக்கும் முதலில் தேவைப்படுவது கரை எந்த வேகத்தில் போகிறது என்ற கணக்குத்தான். பழைய படங்கள் அதற்கும் உதவும்.

இனி வாசகர்களிடம். போரில் வடக்கில் எத்தனை வீட்டு அல்பங்கள் போயின என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரிப்பு, சிலாவத்துறை, முசலிக் குடும்பங்களிடம் படம் கேட்கப் போனால் வெறுங்கையைத்தான் விரிப்பார்கள். கொழும்பில், கண்டியில், புத்தளத்தில், வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம்தான் இருக்கும். 1990க்கு முன்னர் மன்னார்க் கச்சேரியிலோ பாடசாலையிலோ ஆசுபத்திரியிலோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பாடசாலைச் சுற்றுலாவில் போனவர்கள், மடுத் திருவிழாவுக்குப் போய்விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள், எல்லாரும் ஒருமுறை தேடுங்கள். கோட்டை முழுதாகத் தெரியவேண்டும் என்றில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு தூண் தெரிந்தாலும் போதும். காரோ, மாட்டுவண்டியோ, ஒரு ஆளோ பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது, அளவெடுக்க அது உதவும்.

படத்தை அல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். பழைய பசையில் ஒட்டிய படம் இழுத்தால் கிழியும். ஜன்னலோரத்தில், வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, நேர் மேலேயிருந்து கைத்தொலைபேசியால் எடுங்கள், பிளாஷ் வேண்டாம். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரையும் வருடம் கண்டுபிடிக்க உதவும். வருடம் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். "சின்ன மகன் பிறக்க முதல்" என்ற மாதிரிப் பதில் வந்தாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்களுடைய முகம் வெளியே தெரியக்கூடாது என்றால் சொல்லுங்கள். எங்களுக்குத் தேவை சுவரும் தரையும்தான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வரும் படங்களைப் பெற்றுக்கொள்ள உங்கள் அலுவலகம் ஒரு வழி செய்து தரவேண்டும். வாரப் பதிப்பில் ஒரு மூலையில், வாரத்துக்கு ஒரு படமாகவேனும் வெளியிட்டால் அதைப் பார்த்து இன்னொருவர் தன் பெட்டியைத் திறப்பார். என் முகவரி உங்களிடம் இருக்கிறது. படங்களைப் பிரித்து, வருடவாரியாக அடுக்கி, வரைபடத்தில் ஏற்றும் வேலையை நாங்கள் நாலு பேரும் செய்கிறோம். பிரதிகளை அரிப்பிலும் சிலாவத்துறையிலும் உள்ள பாடசாலைகளுக்கும், கேட்கும் எந்தத் திணைக்களத்துக்கும், பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்போம்.

சித்திரை விடுமுறையில், சோளகம் எழும்பும் முன்னர், மறுபடி அங்கே போகிறோம். அதற்குள் வந்துசேரும் படங்களைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொன்றையும் எடுத்தவர் எங்கே நின்று எடுத்தாரோ அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் இன்னொரு படம் எடுப்பதாக இருக்கிறோம். நின்ற இடம் கடலுக்குள் போயிருந்தால், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அந்த அண்ணை தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே பங்குனி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.